பயிருக்கு விளக்கு வாங்குமுன் ஒரு கேள்வி

சென்ற ஆண்டு புரட்டாசி மாதம் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு சிறு விவசாயியின் தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். முன்பு பட்டுப்புழு வளர்த்த மனை ஒன்று அவரிடம் சும்மா கிடந்தது. அதில் தக்காளி நாற்று வளர்த்து விற்கலாம் என்று எண்ணி, இரண்டு கறவை மாடுகளை விற்றுச் செடி வளர்க்கும் விளக்குகள் 12 வாங்கிக் கூரையில் மாட்டியிருந்தார். உள்ளே நுழைந்தால் கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம். கீழே குழித்தட்டுகளில் நாற்றுகள் நூல் போல் நீண்டு, தலை சாய்ந்து கிடந்தன.

"செடிக்குன்னே செஞ்ச லைட்டுன்னு சொன்னாங்க சார். ஒவ்வொண்ணும் ஆயிரம் வாட்டாம்" என்றார்.

கையோடு கொண்டுபோயிருந்த வாட் மீட்டரில் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். 90 வாட்டுக்குச் சற்று மேல் காட்டியது. பெட்டியில் அச்சிட்டிருந்த ஆயிரம், எதற்கோ 'ஈடு' என்று சொல்லி விற்ற ஆயிரம். ஐந்து விளக்குகள் அதற்குள் அணைந்துவிட்டன. மனைக்கு வெளியே பத்தடி தள்ளி நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அதே ஊரில், அவருடைய பங்காளி, சாமந்திப் பாத்திக்கு மேல் சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்புகளைக் கட்டி இரவில் எரியவிட்டு, பூவைத் தள்ளிப் பூக்க வைத்து நல்ல விலைக்கு விற்றிருந்தார். ஒரே ஊர், ஒரே மின்சாரம். ஒருவருக்கு விளக்கு வருமானம் தந்தது. மற்றவருக்கு மாட்டைக் கொண்டுபோயிற்று. இந்த வேறுபாடு அதிர்ஷ்டத்தால் வந்ததன்று. விளக்கு வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை ஒருவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இதுதான்: வெளிச்சம் பயிருக்கு உணவாக வேண்டுமா, சேதியாக வேண்டுமா?

வெளிச்சம் செய்யும் இரண்டு வேலைகள்

பயிர் வெயிலைக் கொண்டுதான் தன் உணவைத் தயாரிக்கிறது. இது வெளிச்சத்தின் முதல் வேலை. இதற்கு ஏராளமான வெளிச்சம் தேவை. தெளிந்த வானில் நண்பகல் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ் இருக்கும். 50 சதம் நிழல்வலைக்குக் கீழேகூடச் சுமார் 50 ஆயிரம் லக்ஸ் கிடைக்கிறது. ஒரு டியூப்லைட் எரியும் நம் வீட்டு அறையிலோ 100, 200 லக்ஸ்தான். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால், அறை 'பளிச்சென்று' இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. செடி அப்படி ஏமாறுவதில்லை. பட்டினி கிடக்கும் செடி வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும். அந்தத் தக்காளி நாற்றுகள் செய்தது அதைத்தான்.

வெளிச்சத்தின் இரண்டாவது வேலை, காலத்தைத் தெரிவிப்பது. இரவு எவ்வளவு நீளம் என்பதை அளந்துதான் சில பயிர்கள் பூக்கும் பருவத்தை அறிகின்றன. 1920-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகம், பகல் குறுகியதும் பூத்ததைக் கண்டே அவர்கள் இந்த உண்மையை எட்டினார்கள். இந்தச் சேதிக்கு மிகக் குறைந்த வெளிச்சமே போதும். சாமந்திக்கு 100 லக்ஸ் அளவு போதுமானது. அதாவது வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பகலோடு சேர்த்து நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி அங்கே பல்பு போடுகிறார்கள். பல்பு கோழிக்குத் தீனி ஆவதில்லை. நாள் நீண்டிருக்கிறது என்ற சேதியை மட்டும் தருகிறது. தீனியைத் தனியாக வைக்க வேண்டும். பயிருக்கும் அப்படியே.

உணவுக்கான விளக்கு கட்டுமா?

மூடிய அறையில் நாற்று வளர்ப்பதானால் குறைந்தது 10 ஆயிரம் லக்ஸ் அளவு வெளிச்சம், நாளுக்கு 14 மணி நேரம் வேண்டும். இதற்குத் தரமான எல்.இ.டி. விளக்காயினும் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 75 வாட் தேவைப்படும். நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். 25 நாளில் 26 யூனிட். ஒரு சதுர மீட்டரில் 98 குழித்தட்டு ஆறு வைக்கலாம். ஏறக்குறைய 600 நாற்றுகள். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாற்று ஒன்றுக்கு 35 பைசா, 10 ஆயிரம் நாற்றுக்கு 3,500 ரூபாய், மின்சாரத்துக்கு மட்டும். விளக்கின் விலை, அறைச் சூட்டைத் தணிக்கும் செலவு எல்லாம் இதற்கு மேல். இதே வெளிச்சத்தை நிழல்வலைக்குள் சூரியன் காசு வாங்காமல் தருகிறது.

வெளிநாட்டில் செய்கிறார்களே என்று கேட்கலாம். நெதர்லாந்தில் குளிர்காலத்தில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, வானமும் மூடியிருக்கும். கண்ணாடிக் கூடத்துக்குச் சூடும் வேண்டும். ஆகவே அங்கே சோடியம் விளக்கு பொருந்தியது. அப்படியிருந்தும் 2021, 2022-ஆம் ஆண்டுகளில் எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றின் விலை ஏறியபோது, அங்கே பல விவசாயிகள் விளக்கை அணைத்தார்கள். சிலர் கூடங்களைக் காலியாகவே விட்டார்கள். அமெரிக்காவில் அடுக்கு அடுக்காக விளக்கு வைத்துக் கீரை வளர்த்த ஏரோஃபார்ம்ஸ் என்ற பெரிய நிறுவனம், 2023 ஜூன் மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது. பெரும் முதலீட்டுக்கே கடினமான கணக்கை நம் சிறு விவசாயி தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

திசு வளர்ப்பு வாழைக் கூடத்தில் டியூப்லைட்டில்தானே கன்று வளர்கிறது என்று ஒரு கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே இரண்டாயிரம், மூவாயிரம் லக்ஸிலேயே கன்று வளரக் காரணம், புட்டியில் உள்ள ஊடகத்தில் சர்க்கரை கலந்திருப்பதுதான். உணவைச் சர்க்கரை கொடுக்கிறது. புட்டியை விட்டு வெளியே வந்ததும் அதே கன்று நிழல்வலைக்குத்தான் வந்து சேர்கிறது.

சேதிக்கான விளக்கு

சாமந்தி குறும்பகல் பயிர். இரவு நீண்டால் மொட்டு வைக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். ஜூன் கடைசியில் 12 மணி 50 நிமிடம். வேறுபாடு ஒன்றரை மணி நேரமே ஆனாலும் செடி அதை அறியும். நீண்ட இரவின் நடுவில், 10 மணி முதல் 2 மணி வரை விளக்கு எரிந்தால், செடி அதை இரண்டு சிறு இரவுகளாகக் கொள்கிறது. மொட்டு வைக்காமல் தழைத்து வளர்கிறது. விளக்கை நிறுத்தியபின் ரகத்துக்கு ஏற்ப எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் பூ வரும்.

ஆயுதபூஜைக்கு எல்லோர் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பூ வந்து விலை விழுவதை நாம் பார்த்திருக்கிறோம். உங்கள் ரகம் ஒன்பது வாரத்தில் பூப்பதானால், நவம்பர் முதல் தேதி விளக்கை நிறுத்தினால் ஜனவரி முதல் வாரத்தில் பறிப்புத் தொடங்கும். பொங்கல் சந்தை கைக்கு வரும். உங்கள் ரகத்துக்கு எத்தனை வாரம் என்பதை ஒரே ஒரு பாத்தியில் ஒருமுறை செய்து நாள் குறித்து வையுங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அந்தக் குறிப்பு உங்களுக்கு உதவும்.

இதன் செலவைப் பார்ப்போம். 10 சென்ட் நிலத்தில் எட்டடிக்கு ஒன்றாகச் சுமார் 70 பல்புகள். 9 வாட் எல்.இ.டி. என்றால் மொத்தம் 630 வாட். இரவுக்கு இரண்டரை யூனிட். 30 இரவுகளுக்கு 75 யூனிட். 8 ரூபாய் வீதம் 600 ரூபாய். இதே இடத்தில் பழைய 60 வாட் குண்டு பல்பு போட்டால் 4,200 வாட். 30 இரவுகளில் 500 யூனிட்டுக்கு மேல், 4,000 ரூபாய். வெளிச்சமோ குண்டு பல்பில்தான் குறைவு.

மின்வெட்டு உள்ள ஊரில் இன்னொரு நன்மையும் உண்டு. 4,200 வாட்டுக்குப் பெரிய ஜெனரேட்டர் வேண்டும். 630 வாட்டை ஒரு சிறு இன்வெர்ட்டரே தாங்கும். தொடர்ந்து சில இரவுகள் விளக்கு இல்லாமற் போனால் செடி மொட்டு வைக்கத் தொடங்கிவிடும் என்பதால் இது முக்கியம்.

எந்த பல்பு?

முதலில், பல்பின் வெளிச்சத்தை வாட்டால் அளக்காதீர்கள். வாட் என்பது அது தின்னும் மின்சாரம். தரும் வெளிச்சத்தை லூமென் என்ற எண் சொல்லும். 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென் தருகிறது; 9 வாட் எல்.இ.டி. சுமார் 900. பெட்டியில் லூமென் எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இல்லாத பல்பை வாங்காதீர்கள்.

இரண்டாவது, நிறம். இரவின் நீளத்தை அளக்கும் பொருள் பயிரின் இலையில் உள்ளது. அது சிவப்பு ஒளிக்கே நன்றாக விடை தருகிறது. ஆகவே வெள்ளை எல்.இ.டி.யில் மஞ்சள் சாயலுள்ள 'வார்ம் ஒயிட்' வகையை வாங்குங்கள். நீலம் பாய்ந்த வெள்ளையில் சிவப்புப் பங்கு குறைவு. செடிக்கென்று தனிப்பெயர் சூட்டி நாலு மடங்கு விலை சொல்லும் விளக்கு இந்த வேலைக்குத் தேவையில்லை. கத்தரிப்பூ நிற வெளிச்சத்தில் இலை மஞ்சளாவதோ, பூச்சி வந்திருப்பதோ நம் கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

மூன்றாவது, சீரான வெளிச்சம். இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில், நான்கு மூலைகளிலும் பெரிய சோடியம் விளக்கு வைத்தால் போதும் என்று சொன்னேன். கம்பத்தடியில் கண் கூசும் வெளிச்சம். நடுப் பாத்திகளில் 20 லக்ஸ்கூட இல்லை. நடுவில் இருந்த செடிகள் குட்டையாக நின்று முன்னதாகவே மொட்டு வைத்துவிட்டன. நான் லக்ஸ் மீட்டர் கொண்டுபோய் அளந்தது அதற்குப் பிறகுதான். அளந்தபின் சொல்லியிருக்க வேண்டியதை அளக்காமல் சொல்லிவிட்டேன். நட்டம் அந்த விவசாயிக்கு. அதிலிருந்து நான் சொல்வது இதுதான்: சில பெரிய விளக்குகளைவிடப் பல சிறிய விளக்குகள் மேல். இரண்டு பல்புகளுக்கு நடுவில், செடியின் தலை மட்டத்தில் அளந்து பாருங்கள். கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலியும் உண்டு. கணக்குச் சற்று முன்பின் இருந்தாலும் எந்த இடம் இருட்டு என்பதைக் காட்டிவிடும்.

சோக்கைக் கவனியுங்கள்

நம்மவர்கள் பல்பின் விலையைப் பேரம் பேசுவார்கள். சோக்கை யாரும் கேட்பதில்லை. ஆனால் கிராமத்து மின்சாரத்தில் முதலில் போவது சோக்தான்.

பல்பில் ஓடும் மின்சாரத்தை அளவோடு நிறுத்துவது சோக்கின் வேலை. மதகு இல்லாத வாய்க்கால் போல, சோக் இல்லாத டியூப்லைட் தாங்காது. வீட்டில் பழைய டியூப்லைட்டுகள் இருக்கின்றன, அவற்றையே தோட்டத்தில் போடலாம் என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 40 வாட் டியூப்போடு கம்பி சுற்றிய பழைய சோக் 12 முதல் 15 வாட் வரை தனியாகத் தின்று, அதைச் சூடாக வெளிவிடுகிறது. திசு வளர்ப்புக் கூடங்களில் சோக்குகளை அறைக்கு வெளியே மாட்டுவது இதனால்தான். எலக்ட்ரானிக் சோக்கில் இழப்பு 3, 4 வாட் அளவே. குறைந்த மின்னழுத்தத்தில் பழைய சோக்கு டியூப் விட்டுவிட்டு மின்னும். அப்படி மின்னினால் அதன் முனைகள் கறுத்துச் சீக்கிரம் போய்விடும்.

சோடியம் விளக்கு வாங்கினால் பல்பு, சோக், இக்னைட்டர் மூன்றும் ஒரே வாட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும். 250 வாட் சோக்கில் 150 வாட் பல்பைப் போட்டால் அது அளவுக்கு மேல் மின்சாரம் குடித்து விரைவில் எரிந்துபோகும். மெர்க்குரி விளக்குச் சோக்கில் சோடியம் பல்பு முறையாக எரியாது. மின்சாரம் கண் சிமிட்டினால் இந்த விளக்குகள் அணைந்து, ஆறிய பிறகே மீண்டும் எரியும். அடிக்கடி மின்சாரம் போய் வரும் ஊருக்கு இவை ஏற்றவையல்ல.

எல்.இ.டி.யில் சோக்கின் இடத்தில் இருப்பது டிரைவர். எல்.இ.டி. பல்பு போய்விட்டது என்கிறோமே, பெரும்பாலும் போவது டிரைவர்தான். பெட்டியில் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். 100 முதல் 300 வோல்ட் வரை தாங்குவதாகவும், திடீர் மின்னேற்றத்தைத் தாங்கும் காப்பு உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். இதற்காகப் பல்புக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது. பழைய டியூப் பட்டியில் எல்.இ.டி. டியூப் மாட்டுவதானால், உள்ளே இருக்கும் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் என்ன செய்ய வேண்டும் என்று அதன் பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து மின்பணியாளரைக் கொண்டு செய்யுங்கள்.

உடைந்த டியூப், மெர்க்குரி விளக்குகளை வாய்க்காலில் எறியாதீர்கள். அவற்றில் பாதரசம் உள்ளது.

ஈர நிலத்தில் மின்சாரம்

பூ போனால் அடுத்த போகத்தில் எடுக்கலாம். ஆள் போனால் திரும்பாது. தண்ணீர் பாய்ச்சிய பாத்தியில், வெறுங்காலோடு, இரவில் நாம் விளக்குக்குக் கீழே நடக்கிறோம். ஆகவே 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். மழை புகாத ஹோல்டர், முறையான எர்த், இணைப்பு தெரியாத நல்ல ஒயர் வேண்டும். பல்பு தொங்கவிட இழுத்த இரும்புக் கம்பியில் ஒயரின் ஒட்டுப்போட்ட இடம் படக்கூடாது. பம்புசெட்டுக்கான இலவச இணைப்பில் இந்த விளக்குகளைப் போடலாமா என்பதை, போடுமுன்னரே உங்கள் பகுதி மின்வாரியப் பொறியாளரிடம் கேட்டு எழுத்தில் பெறுங்கள். பிறகு அபராதம் கட்டி வருந்த வேண்டாம்.

என் கருத்து

சிறு விவசாயி, உணவுக்காக விளக்கு வாங்க வேண்டாம். நம் நாட்டில் நாற்றுக்கு நிழல்வலையும் வெயிலும் போதும். சேதிக்காக விளக்கு வாங்கலாம். அதற்குச் சாதாரண பல்பே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல டிரைவர், நல்ல ஒயர், ஆர்.சி.சி.பி. ஆகியவற்றில் போடுங்கள்.

விரிவாக்கப் பணியில் உள்ள எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கண்காட்சியில் கத்தரிப்பூ நிற வெளிச்சத்தில் கீரை வளர்த்துக் காட்டுகிறோம். ஒரு கிலோ கீரைக்கு எத்தனை யூனிட் ஆயிற்று என்று பக்கத்தில் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்க வேண்டும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம் ஒவ்வொன்றிலும் ஒரு லக்ஸ் மீட்டரும் ஒரு வாட் மீட்டரும் இருக்க வேண்டும். விவசாயி கேட்டால் கொண்டுவந்து அளந்து காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு கன்றுக்குட்டியின் விலைகூட ஆகாது. விளக்குக்குக் கடன் கொடுப்பவர்களும் மின்கட்டணக் கணக்கைப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

ராயக்கோட்டை விவசாயியின் கதையை முடிக்கிறேன். எரியும் நிலையில் இருந்த ஏழு விளக்குகளைக் கழற்றி, மழை படாமல் மேலே தகடு கட்டி, அவருடைய சாமந்திப் பாத்தியில் தொங்கவிடச் சொன்னேன். அந்த விளக்கில் சிவப்பு ஒளி நிறைய உண்டு. உணவுக்குப் போதாத அது சேதிக்குத் தாராளமாகப் போதும். விளக்கு எட்டிய மூன்று பாத்திகளும் தைப்பொங்கலுக்குப் பூத்தன. நாற்றுத் தட்டுகளை நிழல்வலைக்கு மாற்றிவிட்டார்.

மாடுகள் திரும்பி வரவில்லை. கடைக்குப் போகுமுன் அந்த ஒரு கேள்வியை அவரிடம் யாராவது கேட்டிருந்தால், அவை இன்றும் கொட்டகையில் நின்றிருக்கும். நீங்கள் கேளுங்கள், பக்கத்துத் தோட்டக்காரர் விளக்கு வாங்கப் போனால் அவரையும் கேட்கச் சொல்லுங்கள்.